பூஜ்யம் புள்ளி பூஜ்யம்

அந்தத் தாளை நான் இன்னும் தூக்கிப் போடவில்லை. மேசை மேல் கிடக்கிறது. அச்சுக் கடையில் சூடாகக் கைக்கு வந்தபோது இருந்த மெஷின் நெடி, மூக்கருகே கொண்டுபோனால் இப்போதும் லேசாகத் தெரிகிறது. தாளில் இருப்பது ஒரே ஒரு கிராஃப். கீழே மாதங்களின் பெயர்கள். இடது பக்கம் செங்குத்தாக ஓர் அச்சு, அதில் சின்னச் சின்னக் கோடுகள், ஒவ்வொரு கோட்டுக்கும் பக்கத்தில் ஓர் எண். கீழிருந்து மேலாக அந்த எண்கள் இப்படி இருக்கின்றன: 0.0, 0.0, 0.0, 0.0, 0.0, 0.1.

இதற்கு மேல் உனக்கு விளக்க வேண்டியதில்லை. நீ உயிரோடு இருந்திருந்தால் என் மணிக்கட்டைப் பிடித்திருப்பாய். பயம் வந்தால் நீ பிடிக்கிற இடம் அது. வளையலோடு சேர்த்து அழுத்துவாய், வலிக்கும்.

அது உன் காலனி அடிபம்புத் தண்ணீரின் படம். வாலாஜாபாத்துக்கு அந்தப் பக்கம், பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் எடுக்கிற கொட்டகைக்குப் பின்னால் இருக்கிற பம்பு. அந்தத் தண்ணீரை மாதாமாதம் பிடித்து, பையில் வைத்து, பஸ்ஸில் நின்றுகொண்டே கல்லூரிக்குக் கொண்டுவந்து, அதில் எவ்வளவு ஈயம் இருக்கிறது என்று நீ அளந்தாய். பஸ்ஸில் யாராவது பை மேல் சாய்ந்தால் உன் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும். குழந்தையை நசுக்குகிற மாதிரி பதறுவாய்.

நாம் இரண்டு பேரும் ஒரே நாளில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தோம். முதல் நாளே ஒருவன் வந்து, "எந்த ஊரு?" என்று கேட்டான். சொன்னோம். "ஊர்ல எந்தத் தெரு?" என்று கேட்டான். அவன் எதற்காகக் கேட்கிறான் என்று, காலனியில் வளர்ந்த நம் இருவருக்கும் தெரியும். "தெரு பேரு தெரிஞ்சு பொண்ணு பாக்க வரப்போறியா?" என்று நான் கேட்டேன். நீ தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாய். அவன் போனதும், "எதுக்குடி வம்பு?" என்றாய். "பயந்தாங்கொள்ளி," என்றேன். அன்றைக்கு ஒட்டிய பெயர், கடைசிவரை நான் உன்னை அப்படித்தான் கூப்பிட்டேன். நீயும் அதற்குத் திரும்பிப் பார்த்தாய்.

உனக்கு எல்லாவற்றுக்கும் பயம். பஸ் ஸ்டாண்டு நாய்க்குப் பயம். சில்லறை இல்லாவிட்டால் கண்டக்டருக்குப் பயம். நம் கைடு சாரின் செருப்புச் சத்தத்துக்குப் பயம். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பைபிள் வாசிக்கச் சொன்னால் சனிக்கிழமை முழுக்க அதையே வாசித்து வாசித்துப் பார்ப்பாய். கம்ப்யூட்டரில் ஒரு ஃபைலை மூன்று பென்டிரைவில் வைப்பாய். நாம் தீசிஸ் எழுதிய லேடெக் மென்பொருள், ஒவ்வொரு தடவை ஓட்டும்போதும் மஞ்சள் நிறத்தில் ஏதாவது எச்சரிக்கை காட்டும். அதை யாரும் படிக்க மாட்டார்கள். நீ ஒவ்வொரு வரியாகப் படிப்பாய்.

"எர்ரர் இல்லடி, வார்னிங்குதான். விடு."

"வார்னிங் குடுத்துக்கினு இருக்கான், நீ பாட்டுக்கு நடந்துக்கினே இருப்பியா? குழி இருந்தா?"

"குழி இருந்தா வுழுவேன், எழுந்துப்பேன்."

"நீ எழுந்துப்ப. எனக்கு அந்தத் தெம்பு இல்ல," என்று சொல்லிவிட்டு மறுபடி படிக்க ஆரம்பிப்பாய்.

இந்தப் பூஜ்யங்களை முதலில் பார்த்தவளும் நீதான். மதிய நேரம், லேபில் நாம் மட்டும் இருந்தோம். வரைகிற நிரலில், திரையில் உன் கிராஃப் ஒழுங்காக இருந்தது. அச்சில் 0, 0.01, 0.02, 0.03, 0.04, 0.05 என்று எண்கள் தெளிவாக நின்றன. தீசிஸில் எல்லா எழுத்தும் ஒரே அச்செழுத்தாக இருக்க வேண்டும் என்பதால் படத்தை அப்படியே ஒட்ட மாட்டோம், லேடெக்குக்கு எக்ஸ்போர்ட் செய்வோம். அப்படிச் செய்யும்போது கோடுகள் இருக்கும் இடம் மட்டும்தான் போகும். பக்கத்தில் நிற்கிற எண்களை லேடெக் தன்னிடம் உள்ள விதிப்படி புதிதாக எழுதிக்கொள்ளும். விதி, சார் எழுதிய ஸ்டைல் ஃபைலில் இருந்தது. எல்லாப் படத்திலும், எல்லா அச்சிலும், புள்ளிக்குப் பிறகு ஓர் இலக்கம். அவ்வளவுதான்.

பிடிஎஃப் திறந்தது. எப்போதும் செய்வது போல விரலை அச்சின் மேல் வைத்து, கீழிருந்து சத்தமாக வாசித்தாய். "பூஜ்யம் புள்ளி பூஜ்யம். பூஜ்யம் புள்ளி பூஜ்யம். பூஜ்யம் புள்ளி பூஜ்யம்."

"இன்னாடி, ஜெபமா?" என்று கேட்டேன்.

நீ சிரிக்கவில்லை. என் மணிக்கட்டு உன் கையில் இருந்தது. "எங்க தண்ணியக் காணோம்டி," என்றாய்.

அரசாங்கம் வைத்த வரம்பு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். உன் பம்பில் வந்தது 0.04. ஓர் இலக்கத்துக்குச் சுருக்கினால் வரம்பும் 0.0, பம்பும் 0.0. படத்தைப் பார்க்கிறவன் கண்ணுக்கு அங்கே எதுவுமே இல்லை. யாரும் பொய் சொல்லவில்லை. யாரும் எதையும் மறைக்கவில்லை. முன்பு ஒரு மாணவனின் தீசிஸில் ஒரு படத்தில் 5 என்றும் இன்னொரு படத்தில் 5.00 என்றும் இருந்ததற்காகத் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். சாருக்கு அது பெரிய அவமானம். அதற்காகப் போட்ட விதி. அழகாக இருக்க வேண்டும் என்பதற்காக. எனக்கு அதுதான் இன்றைக்கும் ஆறவில்லை. கெட்ட எண்ணத்தோடு செய்திருந்தால் சண்டையாவது போடலாம்.

நீ சாரிடம் போனாய். உள்ளே போகும் முன் மூன்று தடவை தண்ணீர் குடித்தாய். நானும் கூட வந்தேன்.

"ஒரு தசமத்துக்குக் குறைச்சா அப்படித்தான் வரும்மா. இதுல என்ன தப்பு?" என்றார் சார்.

"சார், வரம்பே 0.01 சார். ரெண்டும் பூஜ்யமாத் தெரியுது."

"சரியான எண் அட்டவணையில இருக்குல்ல? படிக்கிறவன் அதைப் பார்த்துப்பான்."

"அட்டவணை கடைசியில, பின்னிணைப்புல இருக்குது சார். பம்புல தண்ணி புடிக்கிறவங்க அதுவரைக்கும் புரட்ட மாட்டாங்க."

சார் நிஜமாகவே புரியாமல் பார்த்தார். "பம்புல தண்ணி பிடிக்கிறவங்க உன் தீசிஸை எதுக்குப் படிக்கப்போறாங்க?" பிறகு கொஞ்சம் எரிச்சலோடு, "உங்க ஊருப் பம்புக்காக டிபார்ட்மென்ட் ஃபார்மேட்டை மாத்த முடியுமா? இன்னைக்கு நீ கேப்ப, நாளைக்கு இன்னொருத்தன் கேப்பான்."

அறையில் இருந்த இன்னொரு ஆராய்ச்சி மாணவன் சொன்னான்: "0.0-ன்னா சந்தோஷப்படும்மா. தண்ணி சுத்தமாயிடுச்சு." சார் சிரித்தார். நான் வாயைத் திறப்பதற்குள் நீ என் துப்பட்டாவைப் பிடித்து வெளியே இழுத்து வந்துவிட்டாய்.

நடையில் நின்று உன்னிடம் கத்தினேன். "இவ்ளோ பயந்தா எதுக்குடி உள்ள போன?"

"பயந்ததாலதான் போனேன்," என்றாய். "சாருக்குப் பயம்தான். அந்த நம்பரப் பாத்தா அதவிட பயமா இருக்குது."

அடுத்த வாரம் என்னை உன் வீட்டுக்குக் கூட்டிப்போனாய். உன் அத்தை அரிசி மில்லில் இருந்து அப்போதுதான் வந்திருந்தாள். தலையெல்லாம் தவிட்டுப் பொடி. அவள் முன்னால் மூன்று தாள்களை வைத்தாய். ஒரே கிராஃப், மூன்று விதமான எண்கள். முதலாவது, லேடெக்கை அதன் போக்கில் விட்டால் எழுதுகிற முறை: அச்சில் 1, 2, 3, 4 என்று முழு எண்கள், நூறால் வகுத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்கிற பத்தின் அடுக்கு மட்டும் மேல் மூலையில் எறும்பு அளவுக்கு. இரண்டாவது, சாருடையது. மூன்றாவதில் 0.010, 0.020, 0.030, 0.040 என்று நீ உன் படத்துக்கு மட்டும் தனியாக ஒரு கட்டளை எழுதி வைத்திருந்தாய்.

"அத்த, நம்ம பம்பு இதுல எவ்ளோன்னு சொல்லு."

அத்தை முதல் தாளைப் பார்த்தாள். "நாலு. நாலுனா கம்மிதானடி?" இரண்டாவதைப் பார்த்தாள். "இதுல ஒண்ணும் இல்லியே. முட்ட முட்டயா இருக்குது." மூன்றாவதில் கொஞ்ச நேரம் விரல் ஓட்டினாள். "இந்தக் கோடு இன்னா?"

"அதுவரைக்கும் இருந்தா குடிக்கலாம்னு சர்க்காரு சொல்றது."

"அது பத்து. நம்மது நாப்பது." விரலை எடுத்துவிட்டாள். "நாலு பங்காடி? இதயா எல்லாருக்கும் ஊத்திக்கினு இருக்கேன்?"

நான் குடித்துக்கொண்டிருந்த டம்ளரை என் கையில் இருந்து பிடுங்கின மாதிரி வாங்கி வெளியே கொட்டினாள். பிறகு, கொடுப்பதற்கு வேறு தண்ணீர் இல்லாமல் நின்றாள்.

திரும்பும்போது என்னைக் கொண்டுவிட நீயும் பஸ் ஏறினாய். அதில் நான் ஒரு யோசனை சொன்னேன். மில்லிகிராமுக்குப் பதில் மைக்ரோகிராமில் போட்டால் 40.0 என்று வரும். சாரின் விதியும் நிற்கும், எண்ணும் தெரியும். நீ ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே தலையாட்டினாய், வேண்டாம் என்று. "சின்னதாப் போட்டா இல்லன்னுவான். பெருசாப் போட்டா ஏத்திட்டாளுங்கன்னுவான். சர்க்காரு வரம்பு எந்த அளவுல இருக்குதோ நாமளும் அதுலயேதான் போடணும். யாரும் எதையும் பெருக்கிப் பாக்கற மாதிரி வெக்கக் கூடாது." சொல்லிவிட்டு, "சரிதானடி?" என்று என்னைக் கேட்டாய். உன் சந்தேகம் அதோடு தீராது. எங்கள் செவிலிமேட்டில் நான் இறங்கும்வரை கேட்டுக்கொண்டே இருந்தாய்.

அந்த ஐப்பசியில் மழை விடவே இல்லை. கொசு மருந்து அடிக்கிற வண்டி உங்கள் ஊர்த் தெருவோடு திரும்பிப் போனது. காலனிப் பாதையில் தண்ணீர் நிற்கிறது, வண்டி உள்ளே வராது என்றார்களாம். தண்ணீர் நிற்பதால்தானே மருந்து அடிக்க வேண்டும்? உனக்குக் காய்ச்சல் என்று அத்தை போன் செய்தபோது எனக்குப் பயமே வரவில்லை. காய்ச்சல் எல்லாருக்கும் வருவதுதானே. நான் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது ஒரு கட்டிலில் இரண்டு பேர் படுத்திருந்தீர்கள். "ஊசின்னா பயமா இருக்குதுடி," என்றாய். பக்கத்தில் படுத்திருந்த அம்மா, "எனக்கும்தாம்மா," என்றாள். மூன்று பேரும் சிரித்தோம். அந்த அம்மா பிழைத்து வீட்டுக்குப் போனாள். டெங்கு என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். அவ்வளவுதான் உன்னைப் பற்றி அவர்கள் எழுதியது.

உன் காரியம் முடிந்த சில நாட்களில் சார் என்னைக் கூப்பிட்டார். அவர் கண் கலங்கியிருந்தது, அதை நான் மறைக்க விரும்பவில்லை. "அவ டேட்டா வீணாப் போகக் கூடாது. உன் தீசிஸ்ல ஒரு அத்தியாயமாச் சேர்த்துக்கோ," என்றார். "அவ பேரு சார்?" என்று கேட்டேன். "நன்றியுரையில போட்டுடு," என்றார். நான் ஒவ்வொரு படத்துக்கும் கீழே, அளந்தது யார் என்று உன் பெயரை எழுதினேன். அதை அவர் எடுக்கச் சொல்லவில்லை.

அதற்குள் அத்தையும் காலனிப் பெண்களும் ஒன்றிய அலுவலகத்தில் மனு கொடுத்திருந்தார்கள். பம்பை மூடி வேறு தண்ணீர் கொடுக்கச் சொல்லி. "வாயால சொன்னா எப்படிம்மா? காலேஜ் ரிப்போர்ட் இருந்தாக் கொண்டு வாங்க, பார்த்து முடிவு பண்றோம்," என்று அங்கே சொல்லிவிட்டார்கள். ரிப்போர்ட் என்றால் நீ அளந்ததை வைத்து நான் எழுதுகிற அத்தியாயம். அதில் அவர்கள் பார்க்கப்போவது ஒரு படம். படத்தில் 0.0 என்று இருந்தால் பம்பு ஓடிக்கொண்டே இருக்கும், பிள்ளைகள் குடித்துக்கொண்டே இருப்பார்கள்.

பயம் எனக்கு எப்போது வந்தது என்று சொல்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை. அம்மா பட்டுக் கடையில் சேலை மடிக்கிற வேலைக்கு லீவு போட்டுவிட்டுத் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். வாசலில் ஒரு புல்லட் வந்து நின்றது. வெள்ளைச் சட்டை, நாற்பது வயது இருக்கும். பேட்டரிக் கொட்டகையில் இருந்து வருவதாக அவரே சொன்னார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். அம்மா கொடுத்த காப்பியை முழுசாகக் குடித்தார்.

"பாப்பா ஏதோ ரிப்போர்ட்டு எழுதுதாமே. எழுதட்டும்மா. படிக்கிற புள்ளைங்க எழுதணும். எங்க கொட்டாயில உங்க ஆளுங்க முப்பது பேரு வேலை செய்றாங்க, அதையும் ஒரு ஓரத்துல எழுதச் சொல்லு."

அம்மா என்னைப் பார்த்தாள்.

"பாப்பா ஸ்கூட்டில போய் வருது போல," என்றார் அவர், எழுந்துகொண்டே. "வேணாம்மா. ரோடு சரியில்ல. லாரிக்காரனுங்க கண்ணு மண்ணு தெரியாம வரானுங்க. பஸ்லயே போய் வரட்டும்."

ரொம்ப மரியாதையாக, வணக்கம் சொல்லிவிட்டுப் போனார். புல்லட் சத்தம் தெருமுனையில் தேய்ந்த பிறகும் அம்மா கையில் இருந்த ஈரத் துணியைப் பிழியாமலே நின்றாள். "அவர் வண்டி நம்பரு எல்லாம் பாத்துட்டுத்தான் போறார்டி," என்றாள். ஸ்கூட்டி அன்றைக்கே கோணியைப் போர்த்திக்கொண்டது. நான் பஸ்ஸில்தான் போகிறேன். எவனுக்காவது பயந்து நான் ஒன்றை நிறுத்தியது அதுதான் முதல் தடவை.

அதன் பிறகுதான் மஞ்சள் எச்சரிக்கைகளைப் படிக்க ஆரம்பித்தேன். அச்சின் மேல் விரல் வைத்து வாசிக்க ஆரம்பித்தேன்.

தீசிஸ் முடிந்தது. அச்சுக்குப் போகும் முன் ஃபார்மேட் சரிபார்க்க டிபார்ட்மென்ட் அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். கொடுத்தேன். 'திருத்தப்பட்டது' என்று பெயர் மாற்றித் திருப்பி அனுப்பினார்கள். ஸ்டைல் ஃபைலுக்கு மாறாக எந்தப் படத்திலாவது தனிக் கட்டளை இருந்தால் அதை நீக்கிவிடுவது அவர்கள் வழக்கமாம். உன் கட்டளையும் அப்படித்தான் போனது. எனக்குத் தெரியாது. பஸ் ஸ்டாண்டு பக்கத்து அச்சுக் கடையில் நின்று, மெஷினில் இருந்து வந்த பக்கங்களை எடுத்து அடுக்கும்போது, சூடாக இந்தத் தாள் கையில் வந்தது. விரல் தானாக அச்சின் மேல் போனது. பூஜ்யம் புள்ளி பூஜ்யம். பூஜ்யம் புள்ளி பூஜ்யம்.

"அண்ணா, நிறுத்துங்க," என்றேன்.

கடைக்காரர் மெஷினை நிறுத்தினார். அவர் மேசையெல்லாம் கல்யாணப் பத்திரிகைகள், மஞ்சள் தடவுவதற்காக மூலைகளை விரித்து வைத்திருந்தார். "இன்னாம்மா, ஃபைனல்னு சொன்னியே?"

"ஃபைனல் இல்லண்ணா."

"முகூர்த்த சீசன்மா. மாப்ள மாறிட்டான்னு வந்து பத்திரிகைய நிறுத்தறான், நீ நம்பரு மாறிடுச்சுன்னு நிறுத்தற. நான் எப்பதான் வூட்டுக்குப் போறது?"

அவர் கம்ப்யூட்டரிலேயே உட்கார்ந்து என் பென்டிரைவைச் செருகினேன். உன் பழைய ஃபைல் அதில் இருந்தது. இன்னும் இரண்டு பென்டிரைவிலும் இருக்கிறது. நீ எழுதிய கட்டளை ஒரே வரி. அதை எடுத்துப் படத்துக்குள் திரும்ப வைக்க ஒரு நிமிடம் போதும். என் கை அந்த எலிப்பொறி போன்ற பழைய மவுஸின் மேலேயே கிடந்தது.

உனக்கு உண்மையைச் சொல்ல வேண்டும். அப்போது எனக்குத் தோன்றியது இதுதான்: பல்கலைக்கழகத்துக்குப் போகிற பிரதியில் 0.0 இருக்கட்டும், சார் கையெழுத்துப் போடுவார், பட்டம் வரும். ஒன்றிய அலுவலகத்துக்குக் கொடுக்கிற பிரதியில் மட்டும் 0.040 இருக்கட்டும். யாருக்கும் தெரியாது. இரண்டு பக்கமும் தப்பிக்கலாம். நல்ல யோசனையாகத்தான் இருந்தது. ஆனால் பயம் பழகிவிட்டதால் அடுத்த கேள்வியும் தானாக வந்தது. கொட்டகைக்காரர் இரண்டையும் வாங்கி, இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு நின்றால்? "ஒரே பொண்ணு, ஒரே தண்ணி, ரெண்டு நம்பரு. எதும்மா நெசம்?" என்று மரியாதையாகக் கேட்டால்? அதற்குப் பிறகு காலனிக்காரர்கள் எந்த எண்ணைக் கொண்டுபோனாலும் யாரும் நம்ப மாட்டார்கள்.

இரண்டிலும் உன் வரியையே வைத்தேன். லேடெக்கை ஓட்டினேன். விரல் வைத்து வாசித்தேன். பூஜ்யம் புள்ளி பூஜ்யம் ஒன்று பூஜ்யம். பூஜ்யம் புள்ளி பூஜ்யம் இரண்டு பூஜ்யம். கடைக்காரர் பத்திரிகை மடிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். எனக்குப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்.

அன்றைக்கு மதியமே ஒன்றிய அலுவலகம் போனேன். உள்ளே போகும் முன் மூன்று தடவை தண்ணீர் குடித்தேன். அங்கே இருந்த அலுவலர் அத்தியாயத்தைப் புரட்டவில்லை, நேராகப் படத்துக்கு வந்தார். "இந்தக் கோடுதான் வரம்பா? இதுக்கு மேல எல்லா மாசமும் இருக்கே." பிறகு அச்சைப் பார்த்தார். "பத்துக்கு நாப்பது. நாலு மடங்கு." நான் ஒரு வார்த்தையும் பேச வேண்டியிருக்கவில்லை. பக்கத்து மேசையில் இருந்தவரும் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்.

சாரிடம் மற்ற பிரதியைக் கொடுத்தேன். படத்தைப் பார்த்தார். "அவளும் இதையேதான் கேட்டா," என்றார். "ஆனா ஃபார்மேட் இல்லையேம்மா. கமிட்டியில கேப்பாங்க. நான் என்ன சொல்றது?" கையெழுத்துப் போடவில்லை. மறுக்கவும் இல்லை. மேசை மேல் வைத்திருக்கிறார். நான் தினமும் அந்த அறையைத் தாண்டிப் போகும்போது அது இருக்கிறதா என்று பார்க்கிறேன். பட்டம் போய்விடுமோ என்று பயமாகத்தான் இருக்கிறது. அம்மா எத்தனை சேலை மடித்த காசு இது.

பம்பின் கைப்பிடியைக் கழற்றிவிட்டார்கள். உனக்குச் சொல்ல வேண்டிய நல்ல செய்தி அதுதான். கெட்ட செய்தியும் அதுதான். டேங்கர் வருகிறேன் என்ற நாளில் வருவதில்லை. நேற்று காலனிக்குப் போயிருந்தேன். பிளாஸ்டிக் குடங்களை வரிசையில் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தவர்கள் என்னைப் பார்த்ததும் பிடித்துக்கொண்டார்கள்.

"வாம்மா, படம் போட்டவளே! இருந்த தண்ணியும் போச்சு. உன் படத்தப் புழிஞ்சா குடிக்கிறது?"

"வெஷத்தக் குடிச்சிக்கினு இருந்தோம், இப்ப அதுவும் இல்ல," என்றாள் இன்னொருத்தி.

அத்தைதான் அவர்களை அதட்டினாள். "இவ இன்னாடி பண்ணுவா? இருந்தத எழுதுனா. டேங்கருக்காரன் வூட்டுல போய்க் கத்துங்க, வாங்க நானும் வரேன்." பிறகு என்னிடம் தனியாக, "குழா எப்ப வரும்?" என்று கேட்டாள். தெரியாது என்றேன். கொட்டகையில் வேலை செய்கிற அவள் மகனைப் பத்து நாளாக வேலைக்கு வர வேண்டாம் என்றுவிட்டார்களாம். அதை அவள் எனக்குக் கிளம்பும்போதுதான் சொன்னாள், குடத்தைப் பார்த்துக்கொண்டு.

நான் பஸ்ஸுக்கு நின்றபோது ஊர்த் தெருவில் இருந்து ஒருவர் வந்தார். வயதானவர், நெல் வியாபாரம் செய்கிறவர், பார்த்திருக்கிறேன். கையில் ஒரு தண்ணீர் பாட்டில். ரோட்டின் அந்தப் பக்கமே கொஞ்ச நேரம் நின்றார். ஆட்கள் இல்லை என்று பார்த்துக்கொண்டு இந்தப் பக்கம் வந்தார்.

"நீதானம்மா அந்தத் தண்ணி பாக்கற பொண்ணு? இது எங்க கிணத்துத் தண்ணி. கொட்டாய் எங்களுக்கும் பக்கம்தான். பேரப் புள்ளைங்க குடிக்குதுங்க. கொஞ்சம் பாத்துச் சொல்றியா?"

அந்தக் கிணறு எது என்று உனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் இருந்து வரும் வழியில் அதன் சுவரில் சாய்ந்ததற்காக உன்னைத் துரத்தினார்கள் என்று ஒரே ஒரு தடவை, லேபில், வேறு எதையோ பேசிக்கொண்டிருந்தபோது சொன்னாய். அதன் தண்ணீரை நீ தொட்டதே இல்லை. அவர் பாட்டிலை நீட்டினார். என் விரலில் அவர் விரல் பட்டது. அவர் கையை இழுக்கவில்லை. பிள்ளைகளைப் பற்றிய பயம் அவருக்கும் இருந்தது. இத்தனை வருஷம் உங்களைத் தொடாமல் இருந்தவரை அந்தப் பயம்தான் ரோட்டைத் தாண்ட வைத்தது. அதை நினைத்து நான் நெகிழவில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது. பாட்டிலை வாங்கிக்கொண்டேன்.

இரவல்ல, பகலில்தான் இதை எழுதுகிறேன். பாட்டில் எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜில் இருக்கிறது. நாளைக்கு லேபுக்குக் கொண்டுபோக வேண்டும். எண் கூடுதலாக வந்தால் ஊர் முழுக்கக் கொட்டகைக்கு எதிராக நிற்கும், அப்போது புல்லட் மறுபடி எங்கள் வாசலுக்கு வரும். குறைவாக வந்தால், காலனித் தண்ணீர் மட்டும் கெட்டது எப்படி, அவர்கள் சுத்தமில்லாதவர்கள் என்று ஊர் பேசும். எது வந்தாலும் எனக்குப் பயம். நீ இருந்தவரை பயப்படுகிற வேலையை நீ பார்த்துக்கொண்டாய், நான் கோபப்பட்டுக்கொண்டு திரிந்தேன். இப்போது இரண்டையும் நானே பார்க்க வேண்டியிருக்கிறது.

கொஞ்ச நேரம் முன்பு அம்மா தயிர் எடுக்க ஃப்ரிட்ஜைத் திறந்தாள்.

"இன்னா பாட்டிலு இது?"

"ஊர்க் கிணத்துத் தண்ணிமா. டெஸ்ட்டுக்கு."

"ஊர்க் கிணறா? நம்ம வூட்லயா?"

தயிர்ப் பாத்திரம் அதை ஒட்டி இருந்தது. அம்மா விரல்களைக் குறுக்கிக்கொண்டு, பாட்டில் மேல் கை பட்டுவிடாமல், பாத்திரத்தை ஓரமாகச் சாய்த்து இழுத்து எடுத்தாள். எடுத்த பிறகுதான் தான் செய்தது அவளுக்கே தெரிந்தது. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு, திரும்பவும் கையை நீட்டி, பாட்டிலின் கழுத்தைப் பிடித்தாள். அது சில்லென்று இருந்திருக்க வேண்டும், தோள் ஒரு தடவை குலுங்கியது. ஆனால் கையை எடுக்கவில்லை. கீழே விழாதபடி அதை உள்ளே தள்ளி, நேராக நிறுத்தி வைத்தாள்.

"பத்திரமாக் கொண்டுபோ," என்றாள். "கொட்டிடப் போற."